ஐந்து ரூபாய் காசில் இருக்கும் மனிதர்: சி. சுப்பிரமணியத்தின் கதை

(இந்த எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பதற்கு வசதியாகச் சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

போன மாசம் ஒரு டீக்கடையில் எனக்குச் சில்லறை கொடுத்தாங்க. அதில் ஒரு ஐந்து ரூபாய் காசு. பின்னாடி ஒரு மனிதரின் முகம். காந்தி இல்லை, நேரு இல்லை, காமராஜரும் இல்லை. உற்றுப் பார்த்தால், சி. சுப்பிரமணியம், பிறந்த நூற்றாண்டு என்று இருந்தது. 2010-ல் மத்திய அரசு வெளியிட்ட காசு அது.

பக்கத்தில் டீ குடிச்சுக்கிட்டிருந்த என் நண்பனிடம் காட்டினேன். "யாருடா இவரு, பாரதியாரா?" என்றான். கேள்வியில் ஒரு நியாயம் இருக்கு, பாரதியார் பெயரும் சி. சுப்பிரமணிய பாரதிதானே! ஆனா இவர் வேற சுப்பிரமணியம். நாம இன்னைக்கு ரேஷன் கடையில் வாங்குற அரிசி, 2020-21-ல் டெல்லி எல்லையில் விவசாயிகள் மாசக்கணக்கில் உட்கார்ந்து போராடினப்போ நம்ம காதில் விழுந்துக்கிட்டே இருந்த குறைந்தபட்ச ஆதரவு விலை, இந்திய உணவுக் கழகம், இது எல்லாத்துக்கும் தொடக்கப் புள்ளியில் இருந்தவர். பாரத ரத்னா வாங்கினவர். அப்படிப்பட்டவரை நாம ஏன் மறந்துபோனோம்?

இந்தக் கேள்வியை வச்சுக்கிட்டுத்தான் இன்னைக்கு எபிசோடைத் தொடங்கப் போறேன். பதில், 1967-ல் அவர் தோத்த ஒரு தேர்தலில் இருக்குன்னு நான் நினைக்கிறேன். அங்கே போறதுக்கு முன்னாடி கொஞ்சம் பின்னால் போகணும்.

பொள்ளாச்சிப் பக்கத்துப் பையன்

1910 ஜனவரி 30. பொள்ளாச்சிக்குப் பக்கத்தில் செங்குட்டைப்பாளையம் என்ற ஊரில், ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார் சுப்பிரமணியம். திருப்பராய்த்துறை தபோவனத்தை நிறுவிய சுவாமி சித்பவானந்தர் இவருக்குத் தாய்மாமன் முறையோ சித்தப்பா முறையோ என்று ஊரில் ஆளுக்கொன்று சொல்வாங்க. நெருங்கிய உறவு என்பது மட்டும் நமக்குப் போதும்.

சென்னை மாநிலக் கல்லூரியில் படித்தது இயற்பியல். அப்புறம் சட்டம். நான் இதைச் சொல்றதுக்குக் காரணம் இருக்கு. பின்னாடி இவர் விஞ்ஞானிகள் பேச்சைக் கேட்டு ஒரு பெரிய சூதாட்டம் ஆடப் போறார். அந்த நேரத்தில் அறிவியல் படித்த ஒரு அரசியல்வாதி அந்த நாற்காலியில் இருந்தது தற்செயல்தான், ஆனா அது உதவின தற்செயல்.

படிக்கும் காலத்தில் பெரியசாமித் தூரன் உள்ளிட்ட நண்பர்களோடு சேர்ந்து 'பித்தன்' என்று ஒரு பத்திரிகை நடத்தினார். கர்நாடக இசை கேக்குறவங்களுக்குத் தூரனைத் தெரியும். தமிழின் முதல் கலைக்களஞ்சியத்தை உருவாக்கின முதன்மைப் பதிப்பாசிரியரும் அவர்தான். அந்தக் கூட்டத்தில்தான் சி.எஸ். வளர்ந்தார். ஆமா, அரசியலில் இவரை எல்லாரும் கூப்பிட்டது சி.எஸ். என்றுதான். நானும் இனிமேல் அப்படியே சொல்றேன்.

சுதந்திரப் போராட்டம், வெள்ளையனே வெளியேறு இயக்கம், சிறை. அந்தத் தலைமுறைக் காங்கிரஸ்காரங்களின் வழக்கமான பாதை. அதைத் தாண்டி அரசியல் நிர்ணய சபை உறுப்பினராகவும் ஆனார். நம்ம அரசியலமைப்புச் சட்டத்தை எழுதின அந்த அவையில் இவரும் ஒருத்தர்.

தோத்தவரை அமைச்சராக்கின கதை

1952. முதல் பொதுத்தேர்தல். ஆந்திரா, மலபார் எல்லாம் சேர்ந்திருந்த பழைய சென்னை மாகாணம். சட்டமன்றத்தில் 375 இடங்கள். காங்கிரசுக்குக் கிடைச்சது 152. பெரும்பான்மை இல்லை. கட்சியைக் காப்பாத்த ராஜாஜியை மேலவை உறுப்பினராக்கி முதலமைச்சராகக் கொண்டு வந்தாங்க.

முதலமைச்சர் மேலவையில் இருக்கிறார். அப்போ சட்டமன்றத்தில் அரசு சார்பா நின்று பேசுறது யார்? அவை முன்னவர். அந்த இடத்துக்கு வந்தவர் 42 வயசு சி.எஸ். நிதித் துறையும் அவர் கையில். எதிரே கம்யூனிஸ்டுகள் முக்கிய எதிர்க்கட்சி. பெரும்பான்மை இல்லாத அரசை அவையில் தினம் தினம் தாங்கிப் பிடிக்கிறது சாதாரண வேலை இல்லை. அடுத்த பத்து வருஷம், 1962 வரைக்கும், அந்த அவையில் அவர்தான் அரசின் குரல்.

அந்தப் பத்து வருஷத்தில் எனக்கு ரொம்பப் பிடிச்ச காட்சி 1954-ல் நடக்குது. ராஜாஜி 1953-ல் கொண்டு வந்த தொடக்கக் கல்வித் திட்டம் உங்களுக்குத் தெரியும். பாதி நாள் பள்ளி, மீதி நேரம் அப்பாவின் தொழிலைக் கத்துக்கணும். செருப்புத் தைக்கிறவர் பிள்ளை செருப்பே தைக்கணுமா என்று பெரியாரும் தி.மு.க.வும் கொதிச்சாங்க. 'குலக்கல்வித் திட்டம்' என்ற பேர் அதோட ஒட்டிக்கிச்சு. காங்கிரசுக்குள்ளேயே எதிர்ப்பு. கடைசியில் ராஜாஜி விலகினார்.

அடுத்த தலைவர் யார்? காமராஜர் நின்றார். ராஜாஜி தரப்பு நிறுத்தின ஆள், நம்ம சி.எஸ். வாக்கெடுப்பில் காமராஜருக்கு 93, சி.எஸ்.ஸுக்கு 41. படுதோல்வி.

இன்னைக்கு அரசியலைப் பாக்குற நமக்கு அடுத்து என்ன நடக்கும்னு தெரியும். தோத்தவரை ஓரங்கட்டுவாங்க, இல்லைன்னா அவரே வெளியே போய் ஒரு கட்சி ஆரம்பிப்பார். காமராஜர் அப்படிச் செய்யலை. தன்னை எதிர்த்து நின்ற சி.எஸ்.ஸையே கூப்பிட்டு அமைச்சரவையில் சேர்த்தார். அதுவும் கல்வித் துறையைக் கொடுத்து. 1954 மே மாதம், அந்தக் கல்வித் திட்டம் கைவிடப்படுது என்ற அறிவிப்பைச் சட்டமன்றத்தில் படிச்சது யார் தெரியுமா? ராஜாஜியின் ஆள் என்று பேர் வாங்கியிருந்த அதே சி.எஸ்.

இதைச் சந்தர்ப்பவாதம்னு சொல்லலாம். நானும் முதலில் அப்படித்தான் நினைச்சேன். அப்புறம் அடுத்த எட்டு வருஷத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூடமே இல்லாத ஊர்களில் பள்ளிகள் திறந்தது, மதிய உணவு, பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் என்று காமராஜர் ஆட்சியின் பெருமையா நாம பேசுற எல்லாமே நடந்த காலத்தில், கல்வியும் நிதியும் ஒரே ஆளிடம் இருந்தது. பொதுக்கல்வி இயக்குநர் நெ.து. சுந்தரவடிவேலு திட்டம் போட, அதுக்குப் பணம் ஒதுக்க வேண்டிய நிதியமைச்சரும் கல்வியமைச்சரும் ஒருத்தராகவே இருந்தால் கோப்பு எங்கேயும் தூங்காது இல்லையா? காமராஜருடைய கணக்கு அதுவாத்தான் இருந்திருக்கணும்.

யாருக்கும் வேண்டாத துறை

1962-ல் பொள்ளாச்சியிலிருந்து மக்களவைக்குப் போனார். நேரு அமைச்சரவையில் உருக்குத் துறை. அந்தக் காலத்தில் உருக்கு என்றால் பெரிய கௌரவம். பிலாய், ரூர்கேலா, துர்காபூர் என்று நாட்டின் கனவே இரும்பில்தான் இருந்தது.

1964 மே மாதம் நேரு இறந்தார். சாஸ்திரி பிரதமரானார். அவர் சி.எஸ்.ஸிடம் கொடுத்தது உணவு, வேளாண்மைத் துறை. டெல்லியில் அரசியல்வாதிகள் பயந்து ஓடுற துறை அது. ஏன்னா அந்த நாற்காலியில் உட்கார்ந்தவர் வேலை, தட்டுப்பாட்டுக்குத் திட்டு வாங்குறதுதான்.

நிலைமை எப்படின்னு ஒரு கணக்கு சொல்றேன். 1964-65-ல் நாட்டின் உணவு தானிய உற்பத்தி சுமார் 8.9 கோடி டன். அடுத்த வருஷம் மழை பொய்த்தது. உற்பத்தி 7.2 கோடி டன்னுக்குச் சரிந்தது. ஒரே வருஷத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு காணாமப் போச்சு. 1966-ல் சுமார் ஒரு கோடி டன் தானியம் வெளிநாட்டிலிருந்து வந்தது. பெரும்பகுதி அமெரிக்காவின் பி.எல். 480 திட்டத்தில் வந்த கோதுமை. கப்பல் வந்தால்தான் அடுப்பு எரியும் என்ற நிலை. வியட்நாம் போரை இந்தியா விமர்சிக்குது என்ற கோபத்தில் அமெரிக்க அதிபர் ஜான்சன் கப்பல்களை மாசா மாசம் அளந்து அளந்து விட்டார்.

என் அப்பத்தா மதுரைக்காரங்க. அந்த வருஷங்களைப் பத்திக் கேட்டால் அவங்களுக்கு முதலில் ஞாபகம் வர்றது வரிசை. "விடியக்காலம் பையைப் போட்டு இடம் பிடிச்சுட்டு வந்து கோலம் போடுவோம்பா" என்பாங்க. சோறு தின்ன குடும்பத்துக்குக் கோதுமையைக் கொடுத்தால் அதை என்ன பண்றதுன்னே தெரியாம, உடைச்சுக் கஞ்சி காய்ச்சின கதையைச் சிரிச்சுக்கிட்டே சொல்வாங்க. அந்தச் சிரிப்புக்குப் பின்னாடி பசி இருந்தது என்பதை நான் ரொம்ப லேட்டாத்தான் புரிஞ்சுக்கிட்டேன். சாஸ்திரி நாட்டு மக்களிடம் வாரத்தில் ஒரு வேளைச் சாப்பாட்டை விட்டுக்கொடுங்க என்று கேட்ட காலம் அது.

குட்டைக் கோதுமை

சரி, சி.எஸ். என்ன செஞ்சார்?

முதலில் ஒரு சின்ன வேளாண்மைப் பாடம். நம்ம நாட்டுக் கோதுமை உயரமா வளரும். உரம் கொஞ்சம் கூடப் போட்டால் கதிர் கனத்து, தண்டு தாங்காம, பயிர் சாஞ்சு படுத்துடும். அதனால் உரம் போட்டும் பிரயோஜனம் இல்லை. மெக்சிகோவில் நார்மன் போர்லாக் என்ற விஞ்ஞானி, ஜப்பானியக் குட்டை ரகம் ஒன்றைக் கலந்து, உயரம் குறைவான கோதுமையை உருவாக்கியிருந்தார். குட்டைத் தண்டு, கனத்த கதிர். உரமும் தண்ணீரும் கொடுக்கக் கொடுக்க விளைச்சல் ஏறும். டெல்லியில் எம்.எஸ். சுவாமிநாதனும் அவர் கூட்டாளிகளும் இந்த விதைகளைச் சோதிச்சுப் பார்த்து, இது நம்ம மண்ணில் எடுக்கும் என்று சொல்லிக்கிட்டிருந்தாங்க. அதைக் கேக்குறதுக்குத்தான் ஆள் இல்லை.

சி.எஸ். கேட்டார். கேட்டதோட நிற்காமல் மூன்று விஷயங்களில் கை வச்சார்.

ஒன்று, விஞ்ஞானிகளின் இடம். இந்திய வேளாண் ஆராய்ச்சி கவுன்சிலின் தலைமையில் அதுவரை இருந்தது நிர்வாக அதிகாரிகள். 1965-ல் முதல் முறையா ஒரு விஞ்ஞானி, பி.பி. பால், அதன் தலைமை இயக்குநராக வந்தார்.

இரண்டு, விலை. விளைச்சல் கூடினால் விலை விழும். விலை விழுந்தால் அடுத்த வருஷம் விவசாயி ஏன் செலவு பண்ணுவார்? அதனால் 1965 ஜனவரியில் வேளாண் விலை ஆணையம் அமைக்கப்பட்டது. அதே மாசம் இந்திய உணவுக் கழகமும் பிறந்தது. அதோட முதல் மாவட்ட அலுவலகம் நம்ம தஞ்சாவூரில். ஒன்று விலையைச் சொல்லும், இன்னொன்று அந்த விலைக்கு வாங்கும். இன்னைக்கும் நம்ம ரேஷன் கடைக்குப் பின்னாடி ஓடுற இயந்திரம் இதுதான்.

மூன்று, விதை. இங்கேதான் சண்டை.

வெளிநாட்டு விதை, அந்நியச் செலாவணி கொடுத்து வாங்கணும். கூடவே உரம், பூச்சிமருந்து. நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி ஒத்துக்கலை. திட்டக்குழுவிலும் தயக்கம். இடதுசாரிகள், அமெரிக்க உரக் கம்பெனிகளுக்கு நாட்டைத் திறந்துவிடுறீங்க என்றாங்க. இந்த எதிர்ப்புகளில் எல்லாமே முட்டாள்தனம் இல்லைங்க, அதைப் பின்னாடி பேசுவோம்.

சி.எஸ். விவாதத்தில் மட்டும் நம்பிக்கை வைக்கலை. டெல்லியில் அவருக்குக் கொடுத்த அரசு பங்களாவின் புல்வெளியை உழுதுபோட்டு, அதில் புது ரகக் கோதுமையை விதைச்சார். வர்ற போறவங்க கண்ணால் பாக்கட்டும்னு. விவசாயிகளின் சொந்த நிலத்திலேயே மாதிரிச் சாகுபடி நடத்தவும் அனுமதி கொடுத்தார். பக்கத்து வயல்காரன் விளைச்சலைப் பாத்த விவசாயிக்கு அதுக்கு மேல பிரசங்கம் தேவையில்லைன்னு கிராமத்தில் பிறந்தவருக்குத் தெரியும்.

1965-ல் முதல் கட்ட விதை வந்தது. அந்த விதை மெக்சிகோவிலிருந்து கிளம்பி லாஸ் ஏஞ்சலஸ் துறைமுகத்துக்குப் போனப்போ அங்கே வாட்ஸ் கலவரம். கப்பல் பாதி வழியில் இருக்கும்போது இந்தியா-பாகிஸ்தான் போர். வேடிக்கை என்னன்னா, பாகிஸ்தானும் அதே நேரத்தில் அதே மாதிரி விதைக்கு ஆர்டர் போட்டிருந்தது. சண்டை போட்டுக்கிட்ட ரெண்டு நாட்டுக்கும் ஒரே கோதுமை. 1966-ல் இந்தியா ஒரே அடியா 18,000 டன் விதை வாங்கியது. அதுவரை அவ்வளவு விதையை யாரும் ஒரே தடவையில் இறக்குமதி செய்ததில்லை. பொய்த்துப்போனால் அந்த அமைச்சரின் அரசியல் வாழ்க்கை அதோட முடிஞ்சது.

பிப்ரவரி 11

இந்தச் சண்டைகளுக்கு நடுவில் இன்னொரு தீ பத்திக்கிச்சு.

1965 ஜனவரி 26 முதல் இந்தி நாட்டின் ஆட்சிமொழி. தமிழ்நாட்டில் மாணவர்கள் தெருவில். ஜனவரி 25 மதுரையில் மோதல். அதுக்கு ஒரு வருஷம் முன்னாடியே கீழப்பழுவூர் சின்னச்சாமி தீக்குளிச்சிருந்தார். இப்போ இன்னும் பலர். மாநிலத்தில் பக்தவத்சலம் தலைமையிலான காங்கிரஸ் ஆட்சி. துப்பாக்கிச் சூடு, இராணுவம். அரசு கணக்கே சுமார் 70 உயிர்கள் என்றது.

டெல்லியில் உட்கார்ந்திருக்கும் தமிழ் அமைச்சரின் இடத்தில் உங்களை வச்சுப் பாருங்க. உங்க கட்சிதான் அங்கேயும் ஆளுது, இங்கேயும் ஆளுது. உங்க ஊர்ப் பிள்ளைகள் சாகுறாங்க. உங்க கையில் நாட்டின் சாப்பாட்டுத் துறை, ஒரு மாசம் முன்னாடிதான் தொடங்கி வச்ச அமைப்புகள், பாதியில் நிற்கும் விதைத் திட்டம்.

1965 பிப்ரவரி 11. சி.எஸ்.ஸும் இன்னொரு தமிழ் அமைச்சரான ஓ.வி. அளகேசனும் ராஜினாமாக் கடிதத்தைக் கொடுத்தாங்க. குடியரசுத் தலைவர் ராதாகிருஷ்ணன் அதை ஏற்க மறுத்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் செய்தி. அன்னைக்கு ராத்திரியே சாஸ்திரி வானொலியில் பேசினார். இந்தி பேசாத மாநிலங்கள் விரும்பும்வரை ஆங்கிலம் தொடரும் என்ற நேருவின் உறுதிமொழியைக் காப்பாத்துவேன் என்றார். அப்புறம்தான் ராஜினாமாக்கள் திரும்பப் பெறப்பட்டன. அந்த உறுதிமொழி 1967-ல் சட்டத் திருத்தமா வந்தது.

அந்த மாற்றத்துக்குக் காரணம் தெருவில் நின்ற மாணவர்கள். அதில் சந்தேகமே வேண்டாம். ஆனா ஒரு போராட்டம் ஜெயிக்கணும்னா, உள்ளே இருக்கிற யாராவது ஒருத்தர் நாற்காலியை விட்டு எழுந்திருக்கணும். அன்னைக்கு எழுந்தது இந்த ரெண்டு பேர். நம்ம மொழிப்போர் வரலாற்றில் இந்தப் பக்கத்தை நாம அவ்வளவா புரட்டுறதில்லை.

1967

இப்போ நான் ஆரம்பத்தில் சொன்ன தேர்தலுக்கு வந்துட்டோம்.

1966 ஜனவரியில் சாஸ்திரி தாஷ்கண்டில் இறந்தார். இந்திரா காந்தி வந்தார். சி.எஸ். அதே துறையில் தொடர்ந்தார். ஆனா அந்த வருஷமும் மழை இல்லை. பீகாரில் பஞ்சம். ஜூன் மாதம் ரூபாய் மதிப்பைக் குறைச்சாங்க. ஒரு டாலருக்கு 4.76 ரூபாயாக இருந்தது 7.50 ஆச்சு. அந்த முடிவை ஆதரிச்சவர்களில் சி.எஸ்.ஸும் ஒருத்தர். காமராஜருக்குக் கடும் கோபம்.

தமிழ்நாட்டில் அரிசி கிடைக்கலை. தி.மு.க. மேடைகளில் 'ரூபாய்க்கு மூணு படி அரிசி' என்று முழங்குது. இதைவிடக் கூர்மையான முழக்கம் அந்தத் தேர்தலில் வேற இல்லை. இந்தி, துப்பாக்கிச் சூடு, அரிசி. என் அப்பத்தா அந்தத் தேர்தலில்தான் முதல் முறையா உதயசூரியனுக்குப் போட்டாங்களாம். "வரிசையில் நின்னு நின்னு காலு வீங்கிப் போச்சு, அப்புறம் என்ன காளைமாடு?" என்பாங்க. அப்போ காங்கிரஸ் சின்னம் இரட்டைக் காளை.

விருதுநகரில் காமராஜரே தோத்தார். சி.எஸ்.ஸும் தோத்தார்.

இதில் இருக்கிற கொடுமையைப் பாருங்க. மொழிக்காக ராஜினாமா செஞ்சவரை மொழிக் கோபம் தோற்கடிச்சது. சாப்பாட்டுக்காக மூணு வருஷம் டெல்லியில் சண்டை போட்டவரை அரிசிப் பஞ்சம் தோற்கடிச்சது. விதைச்சவர் அறுவடை நேரத்தில் வயலில் இல்லை.

ஏன்னா அடுத்த வருஷமே கோதுமை கொட்டியது. 1966-67-ல் சுமார் 1.14 கோடி டன்னாக இருந்த கோதுமை விளைச்சல், 1967-68-ல் 1.65 கோடி டன். மழை நல்லா இருந்ததும் ஒரு காரணம்தான். ஆனா மழை மட்டும் இருந்து இவ்வளவு வந்ததில்லை. பஞ்சாபில் வைக்க இடமில்லாமல் பள்ளிக்கூடங்களை மூடி அங்கே மூட்டை அடுக்கினாங்க. 1968-ல் 'கோதுமைப் புரட்சி' என்று தபால்தலை வெளியிட்டார் இந்திரா காந்தி. அந்த வருஷம்தான் 'பசுமைப் புரட்சி' என்ற சொல்லும் உலகத்தில் புழக்கத்துக்கு வந்தது. அப்போ வேளாண் அமைச்சர் ஜெகஜீவன்ராம். இங்கே தஞ்சாவூரில் ஆடுதுறை 27 நெல், அடுத்து ஐ.ஆர். 8 என்று வயல்கள் மாறிக்கிட்டிருந்தப்போ, அண்ணாவின் அரசு ஆட்சியில் இருந்தது.

நான் இதை யாரையும் குறை சொல்றதுக்காகச் சொல்லலை. வாக்காளர் செஞ்சது சரிதான். பசியில் இருக்கிறவர்கிட்ட ரெண்டு வருஷம் பொறுங்கன்னு எப்படிச் சொல்றது? ஜனநாயகத்தில் அஞ்சு வருஷக் கணக்கு ஒன்று இருக்கு, மண்ணுக்கும் விதைக்கும் வேற கணக்கு. ரெண்டும் ஒத்துப்போகாத இடத்தில் சி.எஸ். மாட்டிக்கிட்டார்.

கணக்கில் கழிக்க வேண்டியவை

இங்கேயே நிறுத்தினால் இது ஒரு துதிப்பாட்டு ஆயிடும். அதனால் மிச்சத்தையும் சொல்லிடுறேன்.

1969-ல் காங்கிரஸ் உடைந்தது. காமராஜர் ஒரு பக்கம். தன்னை எதிர்த்து நின்றவரையே அமைச்சராக்கின அந்தத் தலைவரை விட்டு, சி.எஸ். இந்திரா பக்கம் போனார். மறுபடி மக்களவை, முதலில் கிருஷ்ணகிரி, அப்புறம் பழனி. 1974-ல் மத்திய நிதியமைச்சர்.

1975 ஜூன் 25 இரவு நெருக்கடி நிலை. மறுநாள் காலை அமைச்சரவையைக் கூட்டித் தகவல் சொன்னாங்க. அந்த அறையில் இருந்த ஒருத்தரும் ராஜினாமா செய்யலை. சி.எஸ்.ஸும் செய்யலை. எதிர்க்கட்சித் தலைவர்கள் சிறையில், பத்திரிகைகளுக்குத் தணிக்கை. பத்து வருஷம் முன்னாடி ஒரே கடிதத்தில் நாற்காலியைத் தூக்கி வச்சவர், இந்த முறை நாற்காலியிலேயே இருந்தார். கிராமப்புறங்களுக்கான வட்டார ஊரக வங்கிகள் அவர் நிதியமைச்சரா இருந்த அந்தக் காலத்தில்தான் வந்தன. நல்ல விஷயம்தான். ஆனா அது இதுக்கு ஈடாகாது. இந்த ரெண்டு தேதிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வச்சுத்தான் அவரைப் பாக்கணும்னு நான் நினைக்கிறேன்: 1965 பிப்ரவரி 11, 1975 ஜூன் 26.

இன்னொன்று, அந்தப் புரட்சியே. பஞ்சாபில் நிலத்தடி நீர் பாதாளத்துக்குப் போயிடுச்சு. உரமும் பூச்சிமருந்தும் மண்ணைக் கெடுத்தன. தண்ணி வசதியுள்ள விவசாயி மேலே போனார், மானாவாரிக்காரர் பின்தங்கினார். சிறுதானியங்கள் தட்டிலிருந்து காணாமப் போச்சு. நம்மாழ்வார் அய்யா ஊர் ஊராப் போய்ப் பேசினது இதைத்தானே. அந்தக் காலத்து எதிர்ப்பாளர்கள் எழுப்பின சில கேள்விகளுக்குப் பதில் இன்னமும் பாக்கி இருக்கு.

அதே நேரத்தில் 1966-ல் கப்பலுக்காகக் காத்திருந்த ஒரு அமைச்சர் முன்னாடி, மண்வளம் ஐம்பது வருஷம் கழிச்சு என்ன ஆகும் என்ற கேள்வியும், அடுத்த மாசம் பீகாரில் என்ன சாப்பிடுவாங்க என்ற கேள்வியும் ஒண்ணா இருந்தால், அவர் எதை முதலில் எடுப்பார்? எனக்கு அந்த முடிவைக் குறை சொல்ல மனசு வரலை. அந்த அவசர மருந்தையே அதுக்கப்புறம் வந்த எல்லா அரசுகளும் தினசரிச் சாப்பாடா மாத்தினதுதான் எனக்குப் பிரச்சினையாத் தெரியுது.

கடைசி வருஷங்கள்

1977-ல் வடக்கே காங்கிரஸ் மண்ணைக் கவ்வினப்பவும் பழனியில் ஜெயிச்சார். பின்னாடி இந்திராவிடமிருந்தும் பிரிந்தார். 1979-ல் சரண்சிங்கின் குறுகிய கால அமைச்சரவையில் பாதுகாப்பு அமைச்சர். 1990-ல் மகாராஷ்டிர ஆளுநர். 1993-ல், பிரதமர் நரசிம்ம ராவின் செயல்பாட்டைப் பத்தி அவர் பேசினதாகச் சில கருத்துகள் பத்திரிகையில் வந்து சர்ச்சையாக, பதவியை விட்டு விலகினார். எண்பது தாண்டியும் வாய் சும்மா இருக்கலை, பாருங்க.

1998-ல் பாரத ரத்னா. அதே வருஷம் எம்.எஸ். சுப்புலட்சுமிக்கும் கிடைச்சது. எல்லாரும் எம்.எஸ்.ஸைப் பத்திப் பேசினாங்க, அதுவும் நியாயம்தான். 2000 நவம்பர் 7-ஆம் தேதி சென்னையில் சி.எஸ். இறந்தார். கடைசிக் காலத்திலும் விவசாயத்துக்காக ஒரு அறக்கட்டளையைத் தொடங்கும் வேலையில்தான் இருந்தார்.

அவரை நாம ஏன் மறந்தோம் என்ற கேள்விக்கு என் பதில் இதுதான். தமிழ்நாட்டு அரசியல் வரலாற்றை நாம 1967-ஐ வச்சுத்தான் சொல்றோம். அந்த வருஷம் ஜெயிச்சவங்க ஒரு பக்கம், தோத்தவங்க ஒரு பக்கம். தோத்தவங்களில் காமராஜருக்கு மட்டும் நம்ம மனசில் இடம் இருந்தது. நீண்ட சட்டமன்ற, நாடாளுமன்றப் பொதுவாழ்வில் சி.எஸ். கூட்டம் சேர்க்கிற தலைவரா என்னைக்கும் இருந்ததில்லை. கோப்பு படிக்கிறவர், அவையில் எழுந்து பதில் சொல்றவர், விஞ்ஞானிகிட்ட உட்கார்ந்து கேக்குறவர். அந்த மாதிரி ஆளுக்குச் சிலை வைக்கிறது கஷ்டம். காசில் முகம் போடலாம், அதையும் யாரும் பாக்குறதில்லை.

அந்த ஐந்து ரூபாய் காசை அப்பத்தாகிட்ட காட்டினேன். கண்ணாடி போட்டுத் திருப்பித் திருப்பிப் பாத்தாங்க. விஷயத்தைச் சொன்னேன். கொஞ்ச நேரம் சும்மா இருந்துட்டு, "அந்தக் கோதுமைக்காரரா? அப்ப திட்டினோமே" என்றாங்க. காசைத் திருப்பித் தரலை. சாமி படத்துக்குக் கீழே வச்சுட்டாங்க.

உங்க வீட்டிலும் அந்த வரிசையில் நின்ற ஒருத்தர் இருப்பாங்க. இந்த வாரம் அவங்ககிட்ட பேச்சுக் கொடுத்துப் பாருங்க. அவங்க சொன்னதை எங்களுக்கு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சிலதை வாசிக்கிறேன். அதுவரை, சில்லறை வாங்கும்போது கொஞ்சம் திருப்பிப் பாருங்க.